தம்பியின் இரவு அலறல்: பழைய குறைபாடா, புதிய நோயா?

கேள்வி: தேவகோட்டைப் பக்கத்தில் எங்கள் ஊர். தம்பிக்கு 31 வயது. பிறவியிலிருந்தே அறிவு வளர்ச்சி குறைவு. ஐந்து மாதங்களுக்கு முன் அப்பச்சி (எங்கள் அப்பா) காலமானார். அதிலிருந்து அவன் இரவில் தூங்குவதில்லை. கதவுகளைப் போய் அடிக்கிறான், சாப்பாட்டைத் தள்ளிவிடுகிறான். அப்பச்சி இருந்தவரை இரவு எட்டரை மணிக்குச் சாவிக்கொத்தோடு இருவரும் முகப்பிலிருந்து பின்கட்டு வரை பூட்டிக்கொண்டு போவார்கள். இப்போது வாசலை மட்டும் பூட்டுகிறோம். இரண்டாம் கட்டு அறையில் அவனை விட்டுத் தாழ்ப்பாள் போடுங்கள் என்கிறார்கள் பங்காளிகள். வீட்டில் அவனுக்கும் பங்கு உண்டு. அவன் கையெழுத்து செல்லாதாம். சான்றிதழ் எதுவும் வாங்கவில்லை. ஆத்தாவுக்கு 66 வயது. என்ன செய்யலாம்?

பதில்: அறிவுசார் குறைபாடு வளர்ச்சிப் பருவத்திலேயே தென்படுவது, மாத்திரையால் மாறாதது. நேற்றுவரை இல்லாமல் இன்று முளைத்த தூக்கமின்மைக்கும் அலறலுக்கும் காரணம் வேறாகத்தான் இருக்கும். ஆனால் இத்தகையோரிடம் எது நேர்ந்தாலும் ‘அது அவன் சுபாவம்’ என்று பழைய கணக்கில் எழுதிவிடுவது வீட்டாரின் வழக்கம்; மருத்துவர்களான நாங்களும் அதைச் செய்கிறோம். மனநோய் என்று ஆறு மாதம் மாத்திரை விழுங்கிய ஒருவருக்குச் சொத்தைக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியதும் அலறல் நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே முதலில் உடம்பைப் பாருங்கள். வலியை வாயால் சொல்லத் தெரியாதவர் சாப்பாட்டைத் தள்ளுவார், தலையில் அடித்துக்கொள்வார். பல், காது, மலச்சிக்கல், சிறுநீர் எரிச்சல் ஆகியவற்றைப் பொது மருத்துவர் சோதிக்கட்டும். தைராய்டுக்கு இரத்தப் பரிசோதனையும் தேவை. கண் ஓரிடத்தில் நிலைகுத்தி நிற்பது, கை வெட்டியிழுப்பது உண்டா என்று கவனித்துச் சொல்லுங்கள். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு வலிப்பு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். மருந்துக்கடையில் தூக்க மாத்திரை கேட்டு வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் நான் இருமுறை படித்தது சாவிக்கொத்தைப் பற்றிய வரியை. அவர் அடிப்பவை பெரும்பாலும் அப்பச்சியோடு பூட்டிவந்த அதே கதவுகளா என்று பாருங்கள். அப்படியானால் அது துக்கம். சாவுச் சடங்குகளின்போது இத்தகையோரை ஓர் அறையில் உட்கார்த்திவிடுவது பல வீடுகளில் நடக்கிறது. போனவர் திரும்பமாட்டார் என்பதை அவருக்கு யாரும் சொல்வதில்லை. அப்பச்சியின் படத்தைக் காட்டி, ‘இறந்துவிட்டார், இனி வரமாட்டார்’ என்று எளிய சொற்களில் பலமுறை சொல்லுங்கள். ‘வெளியூர் போயிருக்கிறார்’ என்று மட்டும் சொல்லாதீர்கள், அவர் காத்திருப்பார். எட்டரை மணிக்குச் சாவிக்கொத்தை அவர் கையில் கொடுத்து, கதவு கதவாக உடன் நடந்து பூட்டுங்கள்.

இரண்டு மூன்று வாரத்தில் தணியாவிட்டாலோ, தன்னையோ பிறரையோ காயப்படுத்தினாலோ, மனநல மருத்துவரிடம் செல்வதைத் தள்ளிப்போடாதீர்கள். அறிவுசார் குறைபாடு உள்ளவருக்கும் மனச்சோர்வும் மனச்சிதைவும் வரும். அவை மருந்துக்குக் கட்டுப்படும். மதுரைக்கு ஓட வேண்டியதில்லை: சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் குழு வட்ட மருத்துவமனைகளுக்கு எந்தக் கிழமை வருகிறது என்று தேவகோட்டை அரசு மருத்துவமனையில் கேட்டால் சொல்வார்கள், மருந்துக்குச் செலவில்லை. நள்ளிரவில் ஆலோசனை வேண்டுமானால் 14416 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. ஆத்தாவும் அதில் பேசலாம். தூக்கம் கெட்டுப்போனது அவருக்கும்தானே.

தாழ்ப்பாள் யோசனைக்கு என் பதில் கூடாது என்பதே. அடுத்த மாவட்டத்து ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஒரு காப்பகத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டார்கள். மனநோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடைசெய்கிறது. தீப்பற்றினால் பூட்டிய அறையிலிருந்து உங்கள் தம்பியும் வெளியே வர முடியாது.

இனி, பங்கு. மனநோய் என்று சீட்டு எழுதி வாங்கினால் ஒரு வழி, அறிவுசார் குறைபாடு என்றால் வேறு வழி என்பதால் சொல்லில் கவனம் தேவை. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகை ஊனம் ஆகியவற்றுக்கானது; மனநோய் மட்டும் உள்ளவர் அதில் வரமாட்டார். 18 வயது கடந்தவருக்குப் பெற்றோரோ உறவினரோ சட்டப்படிப் பாதுகாவலராகும்படி மாவட்ட ஆட்சியரைக் கொண்ட உள்ளூர்க் குழுவிடம் மனுச் செய்யலாம். ஆத்தாவின் வயதைக் கருதி, மனுவில் உங்கள் பெயரை எழுதுவதைப் பற்றி இப்போதே அவரிடம் பேசுங்கள். நியமனமானபின் ஆறு மாதத்துக்குள் உங்கள் தம்பியுடைய அசையாச் சொத்துகளின் பட்டியலைக் கொடுக்க வேண்டும், ஆண்டுதோறும் கணக்கும் காட்ட வேண்டும். இதைப் பங்காளிகளிடமும் சொல்லிவையுங்கள், பேச்சு சற்று நிதானப்படும். பாகப்பிரிவினைப் பத்திரம் என்று வந்தால் வழக்கறிஞர் துணை வேண்டும்.

இத்தனைக்கும் முன்னால் வேண்டியது ஊனச் சான்றிதழும் தனித்துவ அடையாள அட்டையும். இணையவழி விண்ணப்பித்து, அரசு மருத்துவமனையில் மதிப்பீட்டுக்கு வர வேண்டும். ஊன அளவு 40 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்தால், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு மனுக் கொடுக்கலாம்.

மருத்துவரைப் பார்க்க வரும்போது ஒரு நோட்டும் கொண்டுவாருங்கள்: எத்தனை மணிக்கு எழுந்தார், எந்தக் கதவு, அதற்கு முன் என்ன சாப்பிட்டார், பூட்டியபின் எவ்வளவு நேரம் தூங்கினார் என்று பதினைந்து நாள் எழுதியிருந்தால் போதும்.