அலுவலகத் தோழிக்கு எந்தக் காபி வாங்குவது?

கேள்வி: நியூஜெர்சி எடிசனில் வேலை பார்க்கிறேன். வெள்ளிக்கிழமை காலையில் டீமில் ஒருவர் முறைவைத்து எல்லோருக்கும் காபி வாங்கிவருவது வழக்கம். புதிதாகச் சேர்ந்த தோழி யூதர், கோஷர் (யூத மத உணவு விதி) பார்த்துத்தான் சாப்பிடுவார். நான் சுத்த சைவம். எனக்கு ஒத்துவருவது அவருக்கும் ஒத்துவரும் என்று நினைத்து, ஓட்ஸ் பால் ஊற்றிய பம்கின் ஸ்பைஸ் லாட்டே வாங்கித் தந்தேன். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார், ஆனால் குடிக்கவே இல்லை. ஒரு காபியில் அப்படி என்னதான் இருக்கிறது? எதை வாங்கினால் குடிப்பார்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அவர் குடிக்காததை மனதில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். உங்கள் மனம் நோகக்கூடாது என்றுதான் அவர் பேசாமல் வாங்கிவைத்திருக்கிறார். ‘சைவம் என்றால் கோஷர்’ என்ற கணக்கில்தான் சிக்கல். கோழியும் செதிலுள்ள மீனும் கோஷரில் உண்டு, விதிப்படி இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதேசமயம், நாம் தயங்காமல் வாங்கும் சீஸ், கோஷர் சான்றிதழ் இல்லாவிட்டால் அவருக்கு ஆகாது. ராபி, அதாவது யூத மதகுரு, வந்து மந்திரம் சொன்னால் கோஷர் ஆகிவிடும் என்று நம்மவர்கள் சிலர் நினைக்கிறார்கள். அதுவும் இல்லை. எதனால் செய்தது, எதில் செய்தது என்பதுதான் அங்கே கேள்வி.

முதலில் எதனால் செய்தது என்று பார்ப்போம். வாசனை சேர்க்காத காபிக்கொட்டையில் பிரச்சினை இல்லை, சான்றிதழ்கூடத் தேவையில்லை. வெறும் தேயிலையும் அப்படியே. வனிலா, ஹேசல்நட் என்று எசென்ஸ் சேர்ந்தால்தான் அதில் என்ன கலந்திருக்கிறது என்று விசாரிக்க வேண்டும். நீங்கள் வாங்கிய பம்கின் ஸ்பைஸ் பானத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய கடைகளில் அதற்கு ஊற்றும் சாஸிலேயே கன்டென்ஸ்டு மில்க் இருப்பதுண்டு. ஓட்ஸ் பாலுக்கு மாற்றினாலும் பால் உள்ளே வந்துவிடும். கோஷரில் இறைச்சியும் பாலும் சேரக்கூடாது. இறைச்சி சாப்பிட்டபின் பால் குடிக்க பலர் ஆறு மணி நேரம் காத்திருப்பார்கள் என்பதால், மதியத்துக்கு மேல் இது முக்கியமாகிவிடும். பாலிலும் இரண்டு கட்சி உண்டு. அமெரிக்காவில் அரசுக் கண்காணிப்பு இருப்பதால் கடைப்பாலைக் குடிக்கலாம் என்று ராபி மோஷே ஃபைன்ஸ்டைன் தீர்ப்புச் சொன்னார். பலர் அதை ஏற்கிறார்கள். கறக்கும்போது யூதர் ஒருவர் மேற்பார்த்த பால்தான் வேண்டும் என்பவர்களும் இருக்கிறார்கள். உங்கள் தோழி எந்தப் பக்கம் என்பது அவருக்குத்தான் தெரியும்.

நிறத்திலும் கவனம் வேண்டும், இது உங்களுக்கும் சேர்த்துத்தான். ஸ்டார்பக்ஸின் ஸ்ட்ராபெரி பானத்துக்குச் சிவப்பு தந்தது காக்கினீல் பூச்சியிலிருந்து எடுக்கும் சாயம் என்று 2012-ல் தெரியவந்தது. சைவர்கள் எதிர்ப்புத் தெரிவித்த பிறகு, தக்காளியிலிருந்து எடுக்கும் லைகோபீனுக்கு மாறுவதாக அந்த ஆண்டே அறிவித்தார்கள்.

எதில் செய்தது என்பதுதான் பெரிய விஷயம். அடுத்தமுறை கடையில் வரிசையில் நிற்கும்போது கவுன்டருக்குப் பின்னால் கொஞ்சம் பாருங்கள். பேக்கன் சாண்ட்விச்சைச் சுடச்சுட எடுக்கும் கிடுக்கி, அதை வெட்டும் கத்தி, பாலை நுரைக்க வைக்கும் எவர்சில்வர் ஜாடி, எல்லாம் பின்பக்கம் ஒரே இடத்தில் கொதிக்கும் தண்ணீரில் கழுவப்படலாம். சூட்டில் பாத்திரம் தொட்டதன் சாரத்தை இழுத்துக்கொள்ளும் என்பது கோஷர் சட்டத்தின் அடிப்படை. சிக்கன் எடுத்த கரண்டியால் சாம்பார் ஊற்றினால் நம் வீட்டுப் பெரியவர்கள் தட்டைத் தள்ளிவைப்பார்களே, அந்தத் தயக்கத்தைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பால்டிமோரின் ஸ்டார்-கே, சிகாகோவின் சி.ஆர்.சி. போன்ற கோஷர் சான்றிதழ் அமைப்புகள் காபிக் கடைகளில் எதைக் குடிக்கலாம் என்று வழிகாட்டுதலே வெளியிடுகின்றன. எல்லாவற்றிலும் எல்லா ராபிகளும் ஒத்துப்போவதில்லை. சூடான இறைச்சி விற்கும் கடையில் லாட்டே வேண்டாம் என்பார் ஒருவர், பரவாயில்லை என்பார் இன்னொருவர். இது இன்று நேற்று வந்த விவாதமும் இல்லை. 16ஆம் நூற்றாண்டில் எகிப்தில் இருந்த ராபி டேவிட் இப்னு ஸிம்ராவிடமே இந்தக் கேள்வி போயிருக்கிறது. யூதர் அல்லாதவர் போட்ட காபியைக் குடிக்கலாம், ஆனால் காபிக் கடையில் போய்க் கூட்டத்தோடு உட்கார வேண்டாம் என்றார். காபி என்றாலே கடை, கூட்டம், பேச்சு என்று அன்றைக்கே இருந்திருக்கிறது!

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? அவர் தனியாக இருக்கும்போது ஒரே ஒரு தடவை கேட்டுவிடுங்கள்: “வெள்ளிக்கிழமை நான் வாங்கும்போது உனக்கு எந்தக் கடையில் எது சரிப்படும்?” இதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை, கோஷர் பார்ப்பவர்களுக்குப் பழகிப்போன கேள்விதான். டீம் முழுக்க உட்கார்ந்திருக்கும்போது மட்டும் கேட்காதீர்கள். ‘ஒரு வாய்தானே’ என்று வற்புறுத்தவும் வேண்டாம். இன்னொரு யூத நண்பர் அதே லாட்டேயைக் குடிக்கிறாரே என்று ஒப்பிடவும் கூடாது, அது அவரவர் கடைப்பிடிக்கும் அளவு.

பொதுவாக, பேப்பர் கப்பில் வாசனை எதுவும் சேர்க்காத கறுப்புக் காபி பலருக்கும் ஒத்துவரும். பீங்கான் கோப்பை வேண்டாம். அதுவும் சரிப்படாது என்றால் மூடி திறக்காத பாட்டில் பானம் வாங்குங்கள். வட்டத்துக்குள் ‘யு’ இருக்கிறதா, நட்சத்திரத்துக்குள் ‘கே’ இருக்கிறதா என்று லேபிளில் பாருங்கள். பக்கத்தில் ‘டி’ இருந்தால் பால் சம்பந்தப்பட்டது. வெறும் ‘கே’ எழுத்தை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்பதால் பலர் அதை மட்டும் நம்புவதில்லை. நியூயார்க், நியூஜெர்சி வட்டாரத்தில் கோஷர் சான்றிதழ் உள்ள காபிக் கடைகளும் உண்டு. சான்றிதழ் கடை வாசலிலோ கவுன்டர் பக்கமோ மாட்டியிருக்கும், தேதி முடிந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே கம்பெனியின் ஒரு கிளைக்கு இருப்பதால் பக்கத்துக் கிளைக்கும் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

அப்புறம், மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ பஸ்கா என்ற யூதப் பண்டிகை வரும். அமெரிக்காவில் எட்டு நாள். அப்போது ஓட்ஸ் பால் கூடவே கூடாது, கிழக்கு ஐரோப்பிய வழியில் வந்த குடும்பம் என்றால் சோயா பாலையும் பெரும்பாலும் தவிர்ப்பார்கள். அந்த வாரம் உங்கள் முறை வந்தால், முன்கூட்டியே இன்னொரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.