வாசகர் கேள்வி – பதில்: கோட்டை முதல் சுமைதாங்கி வரை

(யாழ்ப்பாணத்துப் பழைய இடங்களைப் பார்ப்பது, பேணுவது பற்றி வந்த கடிதங்கள் மட்டும் இந்த இதழில்.)

ஆவணியில் இரண்டு பிள்ளைகளோடு ஊருக்கு வருகிறோம். மூன்று நாள்தான் கையில் இருக்கிறது. பழைய இடங்கள் எல்லாவற்றையும் பார்த்து முடிக்கலாமா? – ரொறன்ரோவிலிருந்து ஒரு வாசகர்

முடியாது. முயன்றால் பிள்ளைகள் வாகனத்துக்குள் நித்திரை கொள்வதைத்தான் பார்ப்பீர்கள். திசைவாரியாகப் பிரியுங்கள். ஒரு நாள் பட்டினமும் நல்லூரும், ஒரு நாள் வலிகாமம், ஒரு நாள் தீவுப்பகுதி. வடமராட்சிக்கு நான்காவது நாள் வேண்டும். அது கிடைத்தால் போகும் வழியில் புத்தூர்ப் பக்கம் நிலாவரைக் கிணற்றைப் பார்த்துவிட்டு, பருத்தித்துறை தும்பளை வீதியில் உள்ள தெருமூடிமடம் வரை போகலாம். வீதியின் மேலேயே கூரை போட்டு, இரு பக்கமும் திண்ணை வைத்துக் கட்டிய மடம் அது. வாகனம் இன்றும் அதற்குள்ளால்தான் போகிறது.

வலிகாமத்தை இந்த வரிசையில் சுற்றினால் ஒரே வீதியில் இரண்டு தரம் ஓட வேண்டியிராது: மானிப்பாய், வட்டுக்கோட்டை, சங்கானை, பண்டத்தரிப்பு, கீரிமலை. பிறகு காங்கேசன்துறை வீதியால் திரும்பி மாவிட்டபுரம், தெல்லிப்பழை, கந்தரோடை, உடுவில். மத்தியான வெயிலுக்குக் கீரிமலைக் கேணி சரியாக வந்து சேரும் (ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கேணி, மாற்றுடுப்பு மறக்க வேண்டாம்). கந்தரோடைக்குப் பின்னேரம் வந்தால் சரிந்த வெயிலில் தூபிகளின் வடிவம் நன்றாகத் தெரியும்.

ஆவணி என்பதால் ஒரு எச்சரிக்கை. ஆடி அமாவாசை கழிந்து தொடங்கும் நல்லூர்த் திருவிழா 25 நாள் நடக்கும். கோயிலைச் சுற்றிய வீதிகளில் வாகனம் விடமாட்டார்கள், தங்குமிடமும் லேசில் கிடையாது. நல்லூர்ப் பக்கத்தைக் காலமை வெள்ளென நடந்து பாருங்கள்.

யாழ். கோட்டைக்கு இரண்டு முறை போனேன். மதிலைத் தவிர உள்ளே ஒன்றுமில்லையே? – கொழும்புத்துறை வாசகி

உள்ளே கட்டடங்கள் அழிந்தது உண்மைதான். ஒல்லாந்தர் 1706ல் சிலுவை வடிவில் கட்டிய தேவாலயம் போர்க்காலத்தில் இடிந்து கற்குவியலாகிவிட்டது. ஆனால் இந்தக் கோட்டையில் பார்க்க வேண்டியதே மதில்தான். போர்த்துக்கேயர் கட்டியதை 1658ல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். இடித்து, ஐந்து மூலையும் ஐந்து கொத்தளமுமாக (மூலையில் வெளியே துருத்தி நிற்கும் அரண்) திருப்பிக் கட்டினார்கள். உட்கோட்டை 1680ல் முடிந்தது, வெளி அரண்கள் 1792ல். மூன்றே வருடத்தில், 1795ல், ஆங்கிலேயர் சண்டையில்லாமல் வாங்கிக்கொண்டார்கள். நூறு வருடத்துக்கு மேல் கட்டிய கோட்டை கட்டியவனுக்கு உதவவில்லை.

பார்க்கும் முறை இதுதான். வாசலுக்கு வருமுன் அகழிக்கு வெளியே நின்று, மதில் எப்படி உள்நோக்கிச் சாய்ந்து ஏறுகிறது என்று பாருங்கள். பீரங்கிக் குண்டின் அடியைத் தாங்கத்தான் அந்தச் சாய்வும் தடிப்பும். ஒரு கொத்தளத்தின் முனையில் நின்றால் பக்கத்துக் கொத்தளத்தின் பக்கச்சுவர் முழுவதும் கண்ணுக்குத் தெரியும். மதிலடியில் எதிரி ஒளிந்துகொள்ள ஒரு மூலைகூட விடாத கணக்கு அது. பிறகு கல்லுக்குக் கிட்டப் போங்கள். முருகைக்கல்லின் முகத்தில் கடுகளவும் மிளகளவுமாகச் சின்னச் சின்ன நட்சத்திரக் குழிகள் நெருக்கமாகத் தெரியும். கடலில் பவளப் பூச்சிகள் குடியிருந்த அறைகள் அவை. மீளக் கட்டிய இடத்தில் கல்லின் நிறமும் சாந்தின் நிறமும் மாறுவதையும் கண்டுபிடிக்கலாம். இதைப் பிள்ளைகளிடம் விட்டால் பெரியவர்களை முந்திவிடுவார்கள்.

நிழல் கிடையாது. காலை 9 மணிக்கு முன், அல்லது பின்னேரம் 4 மணிக்குப் பின் போங்கள். மதிலின் மேல் பல இடங்களில் கைப்பிடி இல்லை. மழைக்குப் பின் பாசி வழுக்கும், தேய்ந்த செருப்போடு ஏற வேண்டாம்.

மந்திரிமனை உண்மையிலேயே சங்கிலியன் காலத்ததா? வழிகாட்டிகள் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். – நல்லூர் வாசகர்

இடம் அரச காலத்தோடு சேர்த்துப் பேசப்படுவது. இப்போது நிற்கும் கட்டடம் அந்தக் காலத்ததல்ல. வளைவுகளையும் தூண்களையும் மரவேலையையும் பார்த்தாலே ஐரோப்பியர் வந்த பிறகு எழுந்தது என்று தெரியும். சங்கிலியன் தோப்பு வளைவும் அப்படித்தான். யாழ்ப்பாணத்தின் கடைசி அரசன் இரண்டாம் சங்கிலியின் ஆட்சி 1619ல் முடிந்தது, 1621ல் போர்த்துக்கேயர் பழைய கந்தசுவாமி கோயிலை இடித்தார்கள். அரண்மனையில் கல்லின்மேல் கல் நிற்கிறது என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான்.

அரச காலத்து நல்லூரை உணர யமுனா ஏரிக்குப் போங்கள். ‘ப’ வடிவிலான கேணி. பக்கத்தில் நிற்கும் புனித யாக்கோபு தேவாலயத்தின் வளவுதான் பழைய கோயில் இருந்த இடமென்று கொள்ளப்படுகிறது. இன்றைய கோயில் 1734ல் வேறிடத்தில் எழுந்தது. தேவாலயம், ஏரி, மந்திரிமனை, சங்கிலியன் தோப்பு, முத்திரைச்சந்தி ஆகிய ஐந்தையும் நடந்தே பார்த்துவிடலாம். மந்திரிமனைக்குள் மட்டும் நுழைய வேண்டாம். கூரையும் மேல்மாடமும் நம்பத்தக்க நிலையில் இல்லை, வெளியில் நின்று பார்த்தால் போதும்.

நெடுந்தீவையும் நயினாதீவையும் ஒரே நாளில் பார்க்கலாமா? – கிளிநொச்சி வாசகர்

இரண்டுக்கும் குறிகட்டுவான் துறையில் இருந்துதான் படகு என்பதால் வரும் ஆசை இது. நெடுந்தீவுக்குப் போக ஏறக்குறைய ஒரு மணி நேரம், நயினாதீவுக்கு இருபது நிமிடத்துக்குள். ஆனால் நெடுந்தீவுப் படகு காலையில் கொஞ்சம், பின்னேரம் கொஞ்சம் என்றுதான் ஓடும். திரும்பும் படகைத் தவறவிட்டால் இரவு தீவில்தான். இரண்டு நாளாகப் பிரியுங்கள்.

யாழ்ப்பாணத்தில் இருந்து 776 இலக்க பஸ் பண்ணை, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் போகிறது. முதல் படகைப் பிடிக்க வேண்டுமானால் விடியக் கிளம்புங்கள். படகு நேரத்தை முதல் நாளே விசாரியுங்கள். இறங்கியதும் திரும்பும் படகு எத்தனை மணிக்கு என்று படகுக்காரரிடமே மறுபடி கேளுங்கள், சோளகம் (தென்மேற்குக் காற்று) எழும்பும் மாதங்களில் நேரம் மாறும். அடையாள அட்டையோ கடவுச்சீட்டோ கையில் இருக்கட்டும். கடல் ஒத்துவராதவர்கள் வெறுவயிற்றோடும் ஏற வேண்டாம், வயிறு முட்டச் சாப்பிட்டும் ஏற வேண்டாம்.

நெடுந்தீவில் ஏறக்குறைய 50 சதுர கிலோமீற்றர் வெட்டை வெளி. நடக்கலாம் என்று நினைப்பதுதான் எல்லோரும் விடும் பிழை. துறையடியிலேயே ஓட்டோ பேசி, எந்தெந்த இடம், எத்தனை மணிக்குத் திரும்பத் துறை என்பதையும் கூலியையும் ஏறுமுன் முடிவாக்குங்கள். ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீராவது கொண்டு போங்கள், அங்கே நல்ல தண்ணீர் அருமை. கோட்டை இடிபாடு, வரிசை வரிசையாகப் பொந்து வைத்த புறாக்கூட்டுத் தூண், உள்ளே ஆள் நிற்கக்கூடிய பெருக்கமரம், குதிரைகள், வெடியரசன் கோட்டை என்று போகும் இடத்தில் கரையோரக் கோட்டையைவிட வேலிகளைக் கவனியுங்கள். சாந்து ஒரு துளியும் இல்லாமல், முருகைக்கல்லை ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி அடுக்கிய மதில்கள். ஒரு கல்லை உருவினால் ஒரு பாகமே சரியும். ஏறி நின்று படம் எடுக்காதீர்கள். குதிரைகளுக்குப் பாணும் பிஸ்கட்டும் கொடுப்பதும் வேண்டாம்.

நயினாதீவில் நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள கல்வெட்டைக் கேட்டுப் பாருங்கள். 12ம் நூற்றாண்டு, முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை, தமிழில். யானையும் குதிரையும் ஏற்றி வரும் மரக்கலம் உடைந்தால் காற்பங்கு அரச பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. வேறு சரக்கு ஏற்றிய மரக்கலமானால் பாதிக்குப் பாதி. பரதேசிகள் (பிறநாட்டார்) ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்து இறங்க வேண்டும் என்றும் சொல்கிறது. இந்தத் தீவுகள் அன்று எவ்வளவு பெரிய வாணிபக் கடவையாக இருந்தன என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை.

என் பாட்டி உடுவில் மகளிர் பாடசாலையில் படித்தவர். அமெரிக்க மிஷன் காலத்து இடங்களைப் பார்க்க எப்படி ஒழுங்கு செய்வது? – மெல்பேர்ணிலிருந்து ஒரு வாசகி

1816ல் அமெரிக்க மிஷனரிமார் வந்தபோது குடாநாட்டில் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துத் தேவாலயங்கள் கூரையில்லாமல் கிடந்தன. அவற்றையும் வளவுகளையும் திருத்தித்தான் வேலையைத் தொடங்கினார்கள். ஆகவே ஒரே வளவில் மூன்று காலத்துக் கட்டட வேலையைக் காணலாம். வட்டுக்கோட்டைத் தேவாலயம் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு: போர்த்துக்கேயர் இருந்த இடத்தில் 1678ல் ஒல்லாந்தர் கட்டியது, பிறகு அமெரிக்கர் கைக்கு வந்தது. பக்கத்தில் 1823ல் தொடங்கிய செமினரி (மிஷனின் உயர்கல்விக்கூடம்) 1855ல் மூடப்பட்டது, 1872ல் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் இந்தச் செமினரியில் படித்தவர்கள். மானிப்பாயில் மருத்துவர் கிறீன் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த இடம் இன்றும் வைத்தியசாலை. உங்கள் பாட்டியின் பாடசாலை 1824ல் தொடங்கியது.

இவை நூதனசாலைகள் அல்ல. பாடசாலை பாடசாலையாகவும் தேவாலயம் தேவாலயமாகவும் நடக்கின்றன. அதிபருக்கு இரண்டு கிழமைக்கு முன் எழுதுங்கள். பாட்டியின் முழுப்பெயர், கன்னிப் பெயர், படித்த ஆண்டு மூன்றையும் குறிப்பிட்டால்தான் பதிவேடு தேட வசதி. பாடசாலை விட்ட பிறகு போவது நல்லது. ஞாயிறு காலை ஆராதனை நேரத்தில் கமராவோடு தேவாலயத்துக்குள் நுழைய வேண்டாம்.

கல்லறைக் கல்லெழுத்து மங்கியிருந்தால் சோக்கால் தேய்ப்பதோ கம்பித் தூரிகையால் உரஞ்சுவதோ கூடாது, இருக்கும் எழுத்தும் உதிர்ந்துவிடும். ஒரு ரோச் லைற்றைக் கல்லின் பக்கவாட்டில், முகத்தோடு ஒட்டினாற்போல் சரித்துப் பிடியுங்கள். நேர் வெயிலில் வெறும் கல்லாக இருந்ததில் எழுத்தின் குழிகள் நிழலாக எழும்பும். அப்போது படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் சந்தியில் பழைய மடம், கேணி, சுமைதாங்கி, ஆவுரஞ்சிக்கல் (மாடுகள் உடம்பை உரஞ்சும் கல்) நான்கும் உண்டு. வெளிநாட்டுக் காசு வந்திருக்கிறது. சீமெந்து பூசி, பெயின்ற் அடித்து, தரையில் மாபிள் போடலாம் என்று சபை சொல்கிறது. சரியா? – அளவெட்டி வாசகர்

தயவுசெய்து வேண்டாம். காசில்லாமல் பாழானதைவிடக் காசு வந்து பாழான மடங்கள் எங்கள் பக்கத்தில் அதிகம்.

காரணம் எளிது. முருகைக்கல் ஈரத்தை உறிஞ்சி வெளிவிடும் கல், அதற்குள் உப்பும் உண்டு. சுண்ணாம்புச் சாந்து கல்லைவிட மென்மையானது. ஈரம் அதன் வழியாக வெளியேறும், கெட்டால் சாந்துதான் கெடும், திரும்பப் பூசலாம். சீமெந்து அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஈரம் கல்லுக்குள் நின்று உப்புப் பூத்து, சீமெந்துக்குப் பின்னால் கல் மாவாக உதிரும். வெளியே புதுச்சுவர் மாதிரித் தெரியும், ஒரு நாள் பூச்சு கல்லோடு சேர்ந்து பலகையாகக் கழன்று விழும். பிளாஸ்ரிக் பெயின்ற்றும் இதே வேலையைத்தான் செய்யும்.

கட்டடம் 1815 மார்ச் 2ம் திகதிக்கு முந்தியதென்றால் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். ஆகவே கை வைக்குமுன் தொல்பொருள் திணைக்களத்தின் யாழ்ப்பாண அலுவலகத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் எழுதுங்கள். நான்கு பக்கமும் படம் எடுத்து, அளவு குறித்து வையுங்கள்.

பிறகு வேலை. சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீருக்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சுண்ணாம்பின் மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும், கண் போய்விடும். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். நீர்த்த சுண்ணாம்பைத் தண்ணீர் மூடி நிற்க மூன்று கிழமையாவது ஊறவிட்டு, அரித்தெடுங்கள். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு உப்பில்லாத, கழுவிய மணல். கடுக்காயும் பனங்கட்டியும் ஊறிய தண்ணீர் சேர்ப்பது பழைய வழக்கம். அளவு தெரிந்த மேசன் இருந்தால் சேருங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். சுவரை நனைத்துவிட்டு, ஒரு தரத்துக்கு ஒரு சென்ரிமீற்றருக்கு மேற்படாமல் பூசி, ஈரச் சாக்குப் போட்டு ஒரு கிழமை காயாமல் காக்க வேண்டும். அவசரமாகக் காய்ந்தால் வெடிக்கும். மாரி மழைக்கு முன் வேலை முடிந்திருக்க வேண்டும். மேலே பெயின்ற்றுக்குப் பதில் வெள்ளை அடியுங்கள்.

முன்பு யாரோ பூசிய சீமெந்து இருந்தால் சின்ன உளியால் தட்டிப் பாருங்கள். கழன்று வருவதை எடுங்கள், கல்லோடு இறுகியதை விட்டுவிடுங்கள், கிரைண்டர் கொண்டு வர வேண்டாம். ஆலங்கன்று, அரசங்கன்று கைவிரல் தடிப்புக்குள் இருந்தால் பிடுங்கலாம். அதைவிடத் தடித்த வேரை இழுத்தால் சுவரும் கூட வரும். வெட்டி, காயவிட்டு, பிறகு சாந்தால் அடையுங்கள். புது முருகைக்கல் தேடி அலைய வேண்டாம், கடற்கரையில் அகழ்வது சட்டவிரோதம். இடிந்த வீட்டுக் கல்லைச் சேகரியுங்கள்.

சுமைதாங்கியின் அடியை உயர்த்தித் தளம் போடுவதையும் நிறுத்துங்கள். தலைச்சுமையோடு வருபவர் யாருடைய உதவியும் இல்லாமல் சுமையை இறக்கி வைக்கவும் ஏற்றவும் ஏற்ற உயரத்தில் வைத்த கல் அது. சுற்றிவர அரையடி மண் ஏறினாலே எதற்கு நிற்கிறது என்று விளங்காமல் போகும். கேணியைத் தூர்வாரும்போது படிக்கட்டுப் பக்கம் மட்டும் இயந்திரம் விடாதீர்கள்.

நாற்பது மாணவர்களைக் கந்தரோடைக்குக் கூட்டிச் செல்கிறேன். அங்கே என்ன சொல்வது? – ஓர் ஆசிரியை, சாவகச்சேரி

அங்கே நிற்பவை முருகைக்கல்லால் ஆன சிறு பௌத்தத் தூபிகள். அடித்தளங்கள் பழையவை. மேலே தெரியும் குவிமாடங்களில் பெரும்பகுதி பின்னர் திருத்திக் கட்டியது. இதை முதலில் சொல்லிவிடுங்கள். 1917 அளவில் வரலாற்றாய்வாளர் போல் பீரிஸ் அகழ்ந்தார். 1970ல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் தோண்டியபோது தூபிகளுக்கும் மிக முந்திய குடியிருப்பின் கறுப்பு-சிவப்பு மட்பாண்டங்கள் கிடைத்தன. யாருடைய தூபி என்ற சண்டையைவிட, இந்த மண்ணில் எவ்வளவு காலமாக ஆட்கள் இருந்தார்கள் என்பது வகுப்புக்கு உதவும். இருபது இருபதாகப் பிரித்து உள்ளே விடுங்கள். தூபியில் சாய்வதும் தரையில் கிடக்கும் ஓடு பொறுக்குவதும் கூடாது.

கோயிலுக்கு என்ன உடுப்பு? ட்ரோன் பறக்கவிடலாமா? – பலர்

நல்லூரில் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்ற வேண்டும், அரைக்காற்சட்டையோடு போகாதீர்கள். உள்ளே படம் எடுக்க விடமாட்டார்கள். ட்ரோனுக்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும். பருத்தித்துறை வெளிச்சவீட்டுப் பக்கமும் காங்கேசன்துறைப் பக்கமும் படை முகாம்களை அண்டிய இடங்கள், அங்கே கைத்தொலைபேசியால் படம் எடுக்கவும் கேட்டுவிட்டு எடுங்கள்.