வன்முறையிலிருந்து மீள்பவருக்குத் துணை நிற்பது: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

வன்முறையிலிருந்து தப்பி வருகிற பெண்களுக்கான ஒரு காப்பகத்தில் 14 வருடமாக ஆலோசகராக இருக்கிறேன். யாரையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை உங்கள் கேள்விகளிலிருந்து எடுத்துவிட்டேன். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். அதற்கு அங்கங்கே உள்ள உதவி எண்ணைக் கேளுங்கள்.

கேள்வி: அக்கா, கணவர் அடிக்கிறார் என்று என் தோழி நேற்றுதான் முதல் தடவையாகச் சொன்னாள். எனக்கு வாயே எழவில்லை. என்ன சொல்லியிருக்க வேண்டும்?

பதில்: இன்று சொன்னாலும் தாமதமில்லை. “நீ சொன்னதை நம்புறேன். இதுல உன் தப்பு எதுவும் இல்ல. நான் என்ன செஞ்சா உனக்கு உதவியா இருக்கும்?” இவ்வளவு போதும். உலக சுகாதார அமைப்பு 2014-ல் மருத்துவப் பணியாளர்களுக்காக வெளியிட்ட கையேடும் ஏறக்குறைய இதே வரிசையைத்தான் சொல்கிறது: காதுகொடுத்துக் கேள், என்ன தேவை என்று விசாரி, நம்புவதைக் காட்டு, பாதுகாப்புக்கு வழி பார், உதவி கிடைக்கும் இடத்தோடு சேர்த்துவிடு. அறிவுரை சொல்வது அந்த வரிசையில் இல்லவே இல்லை. துருவித் துருவிக் கேட்க வேண்டாம். “அவர் அவ்வளவு கோபப்படுற மாதிரி நீ என்ன சொன்னே?” என்று ஒரே ஒரு முறை கேட்டதால், அப்புறம் பல வருடம் யாரிடமும் வாய் திறக்காதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இதையெல்லாம் நேரில் சொல்லுங்கள். குறுஞ்செய்தி வேண்டாம், அவள் போனை அவர் பார்க்கக்கூடும்.

கேள்வி: என் தங்கை இரண்டு முறை அந்த வீட்டை விட்டு வந்தாள். இரண்டு முறையும் திரும்பிப் போய்விட்டாள். “இனி என்கிட்ட வராதே” என்று சொல்லிவிட்டேன். அவளுக்கே அக்கறை இல்லாதபோது அண்ணன் நான் என்ன செய்ய முடியும்?

பதில்: தம்பி, அவள் தனியாக இருக்கும் நேரம் பார்த்து அந்த வார்த்தையை முதலில் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். அவளுக்கு மிச்சமிருக்கும் ஒரே கதவு உங்களுடையதாக இருக்கலாம்.

ஒருவரை அப்படிப்பட்ட வீட்டில் கட்டிப்போடுவது அடி மட்டும் இல்லை. சம்பளம் யார் கைக்குப் போகிறது, போனின் கடவுச்சொல் யாருக்குத் தெரியும், யாரோடு பேசலாம், “குழந்தையை உன் கண்ணுலயே காட்டமாட்டேன்” என்ற மிரட்டல், எல்லாம் சேர்ந்துதான் கட்டிப்போடுகின்றன. சின்னச் சின்ன முடிவுகள்கூட வருடக்கணக்கில் அவளிடமிருந்து பறிக்கப்பட்டிருக்கின்றன. அந்த நிலையில் இருப்பவளிடம் நீங்களும் போய் “நான் சொல்றேன், இப்பவே கிளம்பு” என்றால், அவள் காதில் அதுவும் இன்னொரு உத்தரவாகத்தான் விழும். போய்ப் போய்த் திரும்புவது மிகச் சாதாரணம். ஒவ்வொரு முறையும் அவள் ஏதோ ஒன்றைத் தெரிந்துகொள்கிறாள்: எந்தக் கதவு திறக்கும், கையில் எவ்வளவு பணம் வேண்டும், எந்தத் தாளை எடுக்க மறந்தோம் என்று.

இன்னொன்று, பலருக்கும் இது தெரிவதில்லை. பிரியும் நேரமும் பிரிந்த பிறகு வரும் முதல் சில மாதங்களும்தான் உயிருக்கு அதிக ஆபத்தான காலம். அதனால் “ஏன் கிளம்பல?” என்பதை விட்டுவிட்டு, “கிளம்பினா என்ன ஆகும்னு பயப்படுறே?” என்று கேளுங்கள். அமெரிக்கச் செவிலியர் பேராசிரியர் ஜாக்குலின் கேம்ப்பெல் 1985-ல் உருவாக்கிய ஆபத்து மதிப்பீட்டை இன்றும் பல நாடுகளில் பயன்படுத்துகிறார்கள். அடி சமீபத்தில் அதிகமாகியிருக்கிறதா, வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, கொன்றுவிடுவேன் என்று சொல்லியிருக்கிறாரா, கழுத்தை நெரித்திருக்கிறாரா என்றெல்லாம் அதில் கேள்விகள் உண்டு. இந்தக் கடைசிக் கேள்வியைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கழுத்தை நெரித்த துணைவனாலேயே அந்தப் பெண் பிற்பாடு கொல்லப்படும் வாய்ப்பு 7 மடங்குக்கும் மேல் என்று அமெரிக்காவில் செய்த ஓர் ஆய்வு 2008-ல் காட்டியது. கழுத்தில் தடமே தெரியாமலும் இருக்கலாம். குரல் கம்மினாலோ, விழுங்கக் கஷ்டமாக இருந்தாலோ, தலை சுற்றினாலோ அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். ரத்தக்குழாயில் காயம் பட்டிருந்தால் சில நாள் கழித்துக்கூடப் பக்கவாதம் வரும்.

அவள் அங்கேயே இருக்க முடிவெடுத்தாலும் உங்களுக்கு வேலை இருக்கிறது. அடையாள அட்டை, குழந்தையின் சான்றிதழ்கள், மருந்துச் சீட்டு எல்லாவற்றின் நகலையும் உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். “அம்மாவோட பச்சைப் புடவை எங்கே?” என்று அவள் போனில் கேட்டால் உடனே கிளம்பி வர வேண்டும் என்பது போல ஒரு குறிச்சொல் பேசி வையுங்கள். சண்டை முற்றும்போது சமையலறைப் பக்கமோ குளியலறைப் பக்கமோ ஒதுங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒன்றில் கத்தி இருக்கும், இன்னொன்றில் வெளியே வழி இருக்காது.

கேள்வி: நான் சட்டம் படிக்கிறேன். பாலியல் வன்முறை வழக்குகளில் “ஏன் கத்தவில்லை, ஏன் போராடவில்லை?” என்று கேட்கிறார்களே, அந்தச் சந்தேகத்தில் நியாயமே இல்லையா?

பதில்: இல்லை. பேரச்சத்தில் உடம்பு தானாகவே உறைந்துபோகும். கை கால் அசையாது, குரல் வராது. ஸ்டாக்ஹோமில் பாலியல் வன்முறைக்குப் பிறகு சிகிச்சைக்கு வந்த 298 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2017-ல் வெளிவந்தது. அவர்களில் 10-ல் 7 பேருக்கு இந்த உறைதல் குறிப்பிடத்தக்க அளவில் நேர்ந்திருந்தது. நினைவும் துண்டு துண்டாகப் பதியும். ஒரு வாசனை துல்லியமாக நினைவிருக்கும், மணி என்ன என்பது இருக்காது. நீங்கள் வழக்கறிஞராகும்போது, வாக்குமூலத்தில் வரிசை மாறினால் உடனே பொய் என்று முடிவு கட்டாதீர்கள். உங்கள் சக மாணவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள்.

கேள்வி: பாலியல் வன்முறை நடந்து இரண்டு நாள் ஆகிவிட்டது என்றால் மருத்துவமனைக்குப் போய்ப் பயனுண்டா?

பதில்: நிச்சயம் உண்டு. உடனே போங்கள். எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரையை 5 நாள் வரை எடுக்கலாம், ஆனால் முந்தினால்தான் பலன் அதிகம். அன்று உடுத்திய துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் வையுங்கள்; பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கித் தடயம் கெட்டுவிடும். ஏற்கெனவே குளித்துவிட்டிருந்தாலும் பரவாயில்லை. போலீசுக்குத் தகவல் கொடுப்பது மருத்துவருக்குக் கட்டாயமா என்று மட்டும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், இது இடத்துக்கு இடம் மாறும்.

கேள்வி: நான் ஆசிரியை. ஒரு மாணவி வீட்டில் நடப்பதைச் சொல்லிவிட்டு, “யார்கிட்டயும் சொல்லாதீங்க மிஸ்” என்று அழுகிறாள்.

பதில்: அந்த வாக்கைக் கொடுக்காதீர்கள். “உன்னைக் காப்பாத்த யார்கிட்ட சொல்லணுமோ அவங்ககிட்ட மட்டும் சொல்வேன், சொல்றதுக்கு முன்னாடி உன்கிட்டயும் சொல்வேன்” என்று சொல்லுங்கள். அவள் சொன்ன வார்த்தைகளை அப்படியே, தேதி போட்டு எழுதி வையுங்கள். நீங்களே விசாரணை நடத்த வேண்டாம்.

அப்புறம், அவள் படிப்பை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். மதிப்பெண் சரிவது, வகுப்பில் தூங்குவது, வீட்டுப்பாடம் வராதது எல்லாம் சோம்பேறித்தனமாகத் தெரியும். இரவெல்லாம் காலடிச் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருக்கும் குழந்தை பகலில் வேறெங்கே தூங்கும்? வருகை குறைந்தது என்று பெயரை நீக்கிவிடாமல் பார்த்துக்கொண்டாலே அது பெரிய உதவி.

கேள்வி: எங்கள் குழு மீண்டு வந்த பெண்களுக்குத் தையல் பயிற்சி நடத்துகிறது. முதல் மாதம் 20 பேர், மூன்றாம் மாதம் 4 பேர். எங்கே தவறு?

பதில்: தையல்தான் வேண்டும் என்று யார் முடிவு செய்தது? அங்கிருந்து தொடங்குங்கள். குழந்தையை யாரிடம் விடுவது, வழக்கு நாளில் விடுப்பு உண்டா, பழைய கணவருக்கு இடம் தெரிந்துவிடுமா என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை இல்லாமல் எந்தப் பயிற்சியும் நிலைக்காது. பலருக்குத் தன் பெயரில் வங்கிக் கணக்கே இருக்காது, ஆனால் தன் பெயரில் கணவர் வாங்கிய கடன் இருக்கும். அதைத் தீர்க்க ஆள் வேண்டும்.

வருமானம் மட்டும் வந்தால் வன்முறை நின்றுவிடும் என்றும் நம்பிவிடாதீர்கள். தென்னாப்பிரிக்காவின் லிம்போபோ மாகாணக் கிராமங்களில் பெண்களுக்குச் சிறுகடனோடு, உறவு, வன்முறை, எச்ஐவி பற்றிய தொடர் உரையாடல் வகுப்புகளையும் சேர்த்து நடத்தினார்கள். துணைவரின் வன்முறை அங்கே பாதிக்கும் மேல் குறைந்தது என்று 2006-ல் வெளியான முடிவு சொன்னது. காசும் பேச்சும் சேர்ந்து போனதுதான் அதில் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

கேள்வி: நான் ஆண். என்னை அடிப்பவர் என் மனைவி. இதெல்லாம் எனக்கும் பொருந்துமா?

பதில்: பொருந்தும். நீங்கள் சொல்வதை நம்புகிறேன். முதலில் அழைத்த இடத்தில் சிரித்தால் போனை வைத்துவிட்டு இன்னொரு இடத்தை அழையுங்கள். தப்பு சிரித்தவர்களுடையது.

கேள்வி: விழிப்புணர்வுக் கூட்டத்தில் மீண்டு வந்த ஒரு பெண்ணைப் பேச வைக்கலாமா? கேட்பவர்கள் மனசு மாறும் என்று நினைக்கிறோம்.

பதில்: அவர் விரும்பினால் மட்டும். மேடை ஏறும் நிமிடம் வரை “வேண்டாம்” என்று சொல்லும் உரிமை அவருக்கு இருக்க வேண்டும். இணையத்தில் போட்ட காணொளி 10 வருடம் கழித்து அவர் குழந்தையின் கண்ணில் படும் என்பதையும் முன்கூட்டியே சொல்லுங்கள். பேசினால் மற்ற பேச்சாளர்களுக்குத் தருகிற அதே சன்மானத்தை அவருக்கும் தாருங்கள்.

அவரிடம் கதையைவிடக் கருத்தைக் கேளுங்கள். “எது மாறியிருந்தா உங்களுக்கு உதவியா இருந்திருக்கும்?” என்று கேட்டால் கிடைக்கும் பதில் பெரும்பாலும் மிகத் தெளிவாக இருக்கும்: நீதிமன்றத்துக்குப் போன நாள்களில் வேலை போகாமல் இருந்திருந்தால், என்பது போல. அதைக் கோரிக்கையாக வைக்க முடியும். பிலிப்பைன்ஸ் 2004-லேயே, பாதிக்கப்பட்ட பெண்களுக்கு 10 நாள் ஊதியத்துடன் விடுப்பைச் சட்டமாக்கியது. நியூசிலாந்து 2018-ல் அதேபோல 10 நாள் கொண்டுவந்தது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2019-ஆம் ஆண்டின் 190-ஆம் உடன்படிக்கை, வீட்டு வன்முறை வேலையிடத்தைப் பாதிப்பதையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. பெண்களுக்கு எதிரான வன்முறை ஒழிப்பு நாளான நவம்பர் 25 அன்று மெழுகுவர்த்தி ஏற்றுவதோடு, “எங்கள் நிறுவனத்தில் இந்த விடுப்பு உண்டா?” என்று ஒரு மனுவும் கொடுங்கள்.

கேள்வி: அக்கா, நான் வெளியே வந்து 3 வருடம். பாதியில் விட்ட பட்டப்படிப்பை இப்போது முடிக்கிறேன். இன்னும் பின்னால் கதவு சாத்தினால் நடுங்குகிறேன். தேர்வு எழுதவே பயமாக இருக்கிறது. நான் பலவீனமா?

பதில்: இல்லைம்மா. உயிரைக் காப்பாற்றிய எச்சரிக்கை மணி இன்னும் அணையவில்லை, அவ்வளவுதான். அதிர்ச்சிக்கென்றே உள்ள அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையையும், கண் அசைவைக் கொண்டு செய்யும் இஎம்டிஆர் சிகிச்சையையும் உலக சுகாதார அமைப்பு 2013-லிருந்து பரிந்துரைக்கிறது. 3 வருடம் கழித்துத் தொடங்கினாலும் பலன் கிடைக்கும். பயிற்சி பெற்றவரிடம் போங்கள், பிடிக்கவில்லை என்றால் ஆளை மாற்றுங்கள்.

தேர்வுக்கு இப்போதைக்கு ஒன்று செய்யலாம். முன்னதாகவே மேற்பார்வையாளரைப் பார்த்து, கடைசி வரிசையில், முதுகு சுவரைப் பார்க்க, கதவு கண்ணில் படுகிற இடமாகக் கேளுங்கள். “உடல்நலக் காரணம்” என்று சொன்னால் போதும், கதை சொல்ல வேண்டியதில்லை. தனியாகப் போய்க் கேட்கத் தயக்கமாக இருந்தால் எனக்கு எழுதுங்கள், கடிதத்தைச் சேர்ந்தே எழுதுவோம்.