தொடக்கப் பள்ளியில் டிசைனும் வண்ணமும்: கேள்வி பதில்

ஓவிய வகுப்பு பற்றி ஆசிரியர்களும் பெற்றோரும் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

கேள்வி: ஒன்றாம் வகுப்பு எடுக்கிறேன். அச்சடித்த படம் கொடுத்து வண்ணம் தீட்டச் சொன்னால் சீக்கிரம் முடித்துவிட்டுச் சத்தம் போடுகிறார்கள். வேறென்ன செய்யலாம்?

பதில்: அச்சடித்த படத்தில் பிள்ளை முடிவு செய்ய ஒன்றுமே இல்லை டீச்சர். காய்கறி அச்சுக்கு மாறுங்கள். முற்றின வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கினால் பூ விழும்; வாழை மட்டையில் கட்டம் கட்டமாக விழும். வெண்டைக்காயின் கொழகொழப்பைத் துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வண்ணம் வழுக்கும். நனைத்துப் பிழிந்த ஸ்பாஞ்சில் போஸ்டர் கலரைத் தண்ணீர் விடாமல் தடவினால் அச்சு தெளிவாக வரும். அப்புறம் ஒரே ஒரு நிபந்தனை: வரிசையை அவர்களே முடிவு செய்யட்டும், ஆனால் கடைசிவரை மாற்றக்கூடாது. ஒரு பிள்ளை பூ, பூ, கட்டம் என்று போகும். இன்னொன்று பூவை மாற்றாமல் நிறத்தை மட்டும் மாற்றும். பாதியில் தாளைப் பக்கத்துப் பிள்ளையிடம் காட்டி, “அடுத்து என்ன வரும்?” என்று கேட்கச் சொல்லுங்கள். அதைச் சரியாகச் சொல்லும்போது அந்த முகத்தில் வரும் சந்தோஷத்தை நீங்களே பார்ப்பீர்கள்.

கேள்வி: சிவப்பும் நீலமும் சேர்ந்தால் ஊதா என்று சொல்லிக்கொடுத்தேன். கலந்தால் சேற்று நிறம் வருகிறதே?

பதில்: உங்களிடம் இருப்பது ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்த சிவப்பாக இருக்கும். அதில் மஞ்சள் சாயல் உண்டு. சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் சேர்ந்தால் பழுப்புதான். ரோஸ் சாயல் உள்ள கிரிம்சன் வாங்குங்கள். பளிச்சென்ற பச்சைக்கு எலுமிச்சை மஞ்சள் நல்லது. முதலில் மஞ்சளை வைத்து, நீலத்தைத் துளித்துளியாகச் சேர்க்க வேண்டும். ஒரு மேசைக்கு இரண்டே நிறமும் கொஞ்சம் வெள்ளையும் போதும்.

கேள்வி: எங்கள் பள்ளியில் வண்ணம் வாங்கப் பணமில்லை.

பதில்: சமையலறையிலிருந்து தொடங்கலாம். மஞ்சள்தூளைக் கரைத்துத் தாள் முழுக்கப் பூசிக் காயவிடுங்கள். துணி சோப்பைக் கரைத்த தண்ணீரில் குச்சியைத் தொட்டு அதன்மேல் புள்ளி வைத்தால் அந்த இடம் சிவக்கும். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதும் இதேதான். ஆனால் சுண்ணாம்பைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள், கண்ணில் பட்டால் ஆபத்து. சங்குப்பூவை வெந்நீரில் போட்டால் நீலம்; எலுமிச்சைச் சாறு விட்டால் ஊதா, இன்னும் விட்டால் ரோஸ். இவை வெயிலில் வெளுத்துவிடும்.

கேள்வி: ஐந்தாம் வகுப்புக்குக் கோலம் சின்னப்பிள்ளைத்தனமாக இருக்காதா?

பதில்: இருக்கவே இருக்காது. சென்னை கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் அவருடன் இருந்தவர்களும் 1970களிலேயே கோலத்தைக் கணினி மொழிகளுக்கான இலக்கண விதிகளோடு பொருத்தி ஆராய்ந்தார்கள்.

வகுப்பில் இப்படிச் செய்யுங்கள். நேர்ப்புள்ளியாக 2 வரிசை, வரிசைக்கு 3 புள்ளி. புள்ளிகளுக்கு நடுவே சாய்வாகவே போய், ஓரத்துப் புள்ளியை வளைத்துத் திரும்பும் எளிய சிக்குக் கோலம். கையெடுக்காமல் போட்டால் ஒரே இழையில் முடிந்துவிடும். அடுத்து 3 வரிசை, 3 புள்ளி. ஒரு இழை தொடங்கிய இடத்துக்கே வந்துவிடும், ஆனால் கோலம் பாதியில் நிற்கும்! இப்போது சாக்பீஸ் நிறத்தை மாற்றி, இழை படாமல் விட்டுப்போன இடத்திலிருந்து போடச் சொல்லுங்கள். மொத்தம் மூன்று இழை, மூன்று நிறம். 2க்கு 4 வைத்தால் இரண்டு இழை, 3க்கு 4 வைத்தால் ஒன்றே ஒன்று. வரிசை எண்ணிக்கைக்கும் புள்ளி எண்ணிக்கைக்கும் மீப்பெரு பொதுக் காரணி எதுவோ, அத்தனை இழை. இதை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். கரும்பலகையில் எண்களை மட்டும் அட்டவணையாக எழுதி வாருங்கள். யாராவது ஒரு பிள்ளை கண்டுபிடிக்கும்.

கேள்வி: என் மகன் இலைக்குப் பழுப்பு அடிக்கிறான். டீச்சர் கவனமில்லை என்று திட்டுகிறார்.

பதில்: திட்ட வேண்டாம் என்று அவரிடம் தயவுசெய்து சொல்லுங்கள். சிவப்பு, பச்சை வேறுபாடு தெரியாத கண்கள் உண்டு. ஆண் பிள்ளைகளிடம்தான் அதிகம். கண் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள், புள்ளிகளுக்குள் எண் மறைந்திருக்கும் அட்டைகளைக் காட்டிச் சோதிப்பார். கிரேயானில் நிறத்தின் பெயரை எழுதி ஒட்டினாலே பாதிச் சிரமம் தீரும்.

கேள்வி: ஆண்டு விழாக் கண்காட்சிக்கு எல்லாம் ‘நீட்டாக’ வேண்டும் என்கிறார் தலைமையாசிரியர். பிள்ளைகளின் வேலையை நாங்கள் திருத்தலாமா?

பதில்: கூடாது. தாளை நேராக வெட்டி, கறுப்பு அட்டையில் ஒட்டுங்கள். அதுவே நீட்டாகத் தெரியும். கீழே ‘என் விதி’ என்று பிள்ளையின் கையெழுத்திலேயே ஒரு வரி எழுத வையுங்கள். “இரண்டு பூ, ஒரு கட்டம், மூலையில் நிறம் மாறும்” என்று வாசித்த பெற்றோர், படத்தை இன்னொரு தரம் நின்று பார்ப்பார்கள்.