தேனீக்குத் தண்ணீர் வைப்பது எப்படி? வாசகர் கேள்வி–பதில்

மொட்டைமாடித் தோட்டத்தில் ஓர் இந்தியத் தேனீப் பெட்டி இருக்கிறது. குருவிக்கு வைத்த எவர்சில்வர் கிண்ணத்தில் தினமும் தேனீக்கள் செத்து மிதக்கின்றன. மற்றவை பக்கத்து வீட்டுத் துவைக்கல்லில் மொய்ப்பதால் அங்கேயும் மனத்தாங்கல். என்ன செய்யலாம்?
– வாசகி, ஈரோடு

கிண்ணத்தின் வழவழப்புதான் காரணம். விளிம்பில் கால் பிடிக்காமல் வழுக்கி விழும் தேனீ, இறக்கை நனைந்தபின் ஏறி வர முடியாது. மெருகில்லாத மண் தட்டு ஒன்று வாங்குங்கள்: ஓரடி அகலம், இரண்டு அங்குல ஆழம் போதும். ஓட்டாஞ்சில்லும் கூழாங்கல்லும் நிரப்பி, கல்லின் தலை அரை அங்குலமாவது வெளியே தெரியும்படி தண்ணீர் விடுங்கள். மண் ஈரத்தை உறிஞ்சுவதால் தேனீ பெரும்பாலும் தண்ணீருக்குள் இறங்காது, நனைந்த விளிம்பிலேயே குடித்துவிட்டுப் போகும்.

சித்திரை வெயிலில் மண் தட்டு மதியத்துக்குள் காய்ந்துவிடும். வெளியூர் போகிறவர்கள் கோழிக்குஞ்சுக்கு வைக்கும் கவிழ்ப்புக் குடுவையை வாங்கி, அதன் பள்ளத்தில் சிறு கற்களைப் போட்டு வைக்கலாம்.

தட்டு ஒரு நாள்கூடக் காயக்கூடாது. பெட்டிக்குள் குஞ்சுகள் வளரும் புழு அறையின் சூட்டை 35 டிகிரி செல்சியஸ் அளவில் நிறுத்தத் தேனீக்கள் தண்ணீரை அடையில் மெல்லப் பூசி, இறக்கையால் விசிறி ஆவியாக்குகின்றன. தட்டு காய்ந்தால் வேறு இடம் தேடும். பழகிய இடத்தை எளிதில் விடாது. துவைக்கல் விஷயமும் அப்படித்தான். அந்த வீட்டாரிடம் சொல்லி நான்கைந்து நாள் கல்லை உலர்த்தி வைக்கச் செய்யுங்கள். குழாய்ச் சொட்டையும் நிறுத்த வேண்டும். அதே நாட்களில் உங்கள் தட்டில் முதல் இரண்டு நாள் மட்டும் லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி சர்க்கரை கலக்கலாம். அதற்குமேல் வேண்டாம், எறும்புதான் வரும். அடுத்த வருடம் மாசியிலேயே தட்டை வைத்துவிட்டால் இந்தப் பாடே இல்லை.

இடம்: பெட்டியிலிருந்து பத்துப் பதினைந்து அடி தள்ளி, காலை வெயில் படும்படி, மதியம் நிழல் விழும்படி. பெட்டி வாசலுக்கு நேர் எதிரே வைத்தால் பறக்கும் தேனீக்களின் எச்சம் தண்ணீரில் விழும். பெட்டிக் காலுக்கு எறும்பு ஏறாமல் வைத்த தண்ணீர்க் கிண்ணங்களையும் பாருங்கள், அதிலும் தேனீக்கள் விழும்; ஓட்டைத் தகடு ஒன்றால் மூடிவிடுங்கள்.

கொசு வராமலிருக்க இரண்டு சொட்டு எண்ணெய் விடலாமா?
– வாசகர், நாகர்கோவில்

கூடாது. எண்ணெய் தேனீயின் உடம்பில் ஒட்டி மூச்சுத் துளைகளை அடைக்கும். இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரைக் கொட்டிவிட்டால் கொசுப் புழு வளர நேரமே இல்லை. ஆனால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை சுவரில் ஒட்டி, காய்ந்தாலும் உயிரோடிருக்கும். ஆகவே தட்டின் சுவரைத் தேங்காய் நாரால் தேயுங்கள். கல்லைச் சும்மா அலசினால் போதும். பாசி வாசனையை மோந்துதான் தேனீ வருகிறது. சோப்பு வேண்டவே வேண்டாம். குளோரின் வாடை அடிக்கும் குழாய்த் தண்ணீரை ஒரு ராத்திரி திறந்த வாளியில் வைத்துவிட்டு ஊற்றுங்கள்.

பெட்டி இல்லை. தண்ணீர் வைத்தால் மட்டும் பூசணிக்குத் தேனீ வருமா?
– வாசகர், காரைக்குடி

வராது. பூதான் இழுக்கும், துளசியைப் பூக்க விடுங்கள். தண்ணீர் வைப்பதைவிட அவசரமான வேலை ஒன்று உண்டு: வேருக்குப் பூச்சிமருந்து ஊற்றிய தொட்டிகளின் அடித்தட்டில் வடிந்து நிற்கும் தண்ணீரை அன்றன்றே கொட்டுங்கள். தாகத்துக்கு வரும் தேனீ அதையும் குடிக்கும்.