துளைகளுக்கு நடுவே உள்ள நிலம்

வணக்கம். மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு சுரங்கத்தில் சிவில் இன்ஜினியராக இருக்கிறேன். எங்கள் கழிவுச்சேற்று அணையின் மண் ஆய்வு, கட்டுமானத் தரவுகள் எல்லாவற்றையும் கணினியில் முப்பரிமாண மாதிரியில் ஏற்றும் வேலையை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். "வரைபடமும் எக்செல்லும் போதும், இதெல்லாம் மேலிடத்துக்குக் காட்டத்தான்" என்கிறார் மூத்த பொறியாளர். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?
க., பெர்த்

அன்புள்ள க.,

மேலிடத்துக்குக் காட்ட மட்டும்தான் என்றால் அவர் சொல்வது சரி. ஆனால் கனடாவின் மவுன்ட் பாலி சுரங்கத்தை நினைத்துப் பாருங்கள். 2014 ஆகஸ்ட் 4 அன்று அங்கே கழிவுச்சேற்று அணை உடைந்து, சுமார் 2.5 கோடி கன மீட்டர் நீரும் சேறும் வெளியேறின. வழுக்கியது அடித்தளம். பனியாற்றுக் கால ஏரியில் படிந்த களிமண் அடுக்கு ஒன்று அங்கே இருந்ததை யாரும் கண்டுபிடித்திருக்கவில்லை. அதன்மேல் அணையின் வெளிச்சரிவை 1.3-க்கு 1 (கிடைமட்டமாக 1.3 மீட்டருக்கு 1 மீட்டர் உயரம்) என்று செங்குத்தாக ஏற்றிவிட்டார்கள். 2-க்கு 1 என்று சாய்த்திருந்தால் உடைந்திருக்காது என்று 2015 ஜனவரியில் விசாரணைக் குழு சொன்னது.

மாதிரி இருந்திருந்தால் அணை பிழைத்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. மண் ஆய்வுக்காகத் துளையிடாத இடத்தில் என்ன இருக்கிறது என்று எந்த மென்பொருளுக்கும் தெரியாது. ஆனால் தட்டையான வரைபடத்தில் துளை என்பது வெறும் புள்ளி, அதன் ஆழம் கண்ணில் படாது. மாதிரியைத் திருப்பிப் பார்த்தால் எந்தத் துளை பாதியிலேயே நின்றது, எங்கே துளையே இல்லை என்பது உடனே தெரியும். எனக்கு அந்த வெற்றிடம்தான் முக்கியம். லீப்ஃபிராக் போன்ற மென்பொருள்கள் இரண்டு துளைகளுக்கு நடுவே வழவழப்பான அடுக்கை வரைந்துவிடும். ஊகமும் அளந்ததும் ஒரே நிறத்தில் தெரியும். தயவுசெய்து ஊகத்துக்குத் தனி நிறம் கொடுங்கள்.

அப்புறம், காலம். 2019 ஜனவரி 25 அன்று உடைந்து 270 பேரைக் கொன்ற பிரேசிலின் புருமாடின்யோ அணை, 1976 முதல் 2013 வரை 15 கட்டங்களாக எழுப்பப்பட்டது. ஆரம்ப கட்டங்களுக்குப் பிறகு மேல் சரிவை உள்பக்கமாக நகர்த்தினார்கள். அதனால் அணையின் மேல்பகுதி வலுவில்லாத நுண்சேற்றின்மேல் போய் உட்கார்ந்தது. இத்தனை வருடங்களில் ஆட்கள் மாறிவிடுவார்கள், கோப்புகள் சிதறிவிடும். ஒவ்வொரு அடுக்கின் தேதி, மண் எவ்வளவு இறுகியது என்ற சோதனை, கட்டி முடித்த அளவீடு, பீசோமீட்டர் என்ற கருவி மண்ணுக்குள் அளந்த நீரழுத்தம் எல்லாம் அதனதன் இடத்திலேயே மாதிரியில் இருக்கட்டும். ஒரு கருவியைத் தொட்டால் அதன் முழு வரலாறும் திறக்க வேண்டும்.

முதல் வேலையாக ஆயத்தொலைவுகளைச் சரிபாருங்கள். இடத்தைக் குறிக்கும் சுரங்கத்தின் சொந்தக் கட்ட அமைப்பும் நாட்டின் கட்ட அமைப்பும் கலந்துபோயிருக்கலாம். உயரத்தை எங்கிருந்து அளக்கிறோம் என்ற தொடக்க அளவும் மாறியிருக்கலாம். இடம் தெரியாத பழைய சோதனைகளைக் குத்துமதிப்பாக மாதிரியில் வைக்காதீர்கள், தனியாக ஒதுக்கி வையுங்கள்.

ஒதுக்கியதை எடுத்துக்கொண்டு மூத்த பொறியாளரிடம் போங்கள். எந்தத் துளை எங்கே போடப்பட்டது, ஏன் பாதியில் நின்றது என்று அவருக்குத் தெரிந்திருக்கலாம். அவர் ஓய்வு பெறுவதற்குள் கேட்டுவிடுங்கள்.