கால்பந்து கேள்வி – பதில்: எட்டோ ஸ்பெஷல்

சென்ற இதழில் ஒரு கேள்விக்கு, "ஊர் ஊராகப் போய் ஆடிய ஸ்ட்ரைக்கர்களில் ஸ்லாடன் இப்ராஹிமோவிச்சைவிட கேமரூனின் சாமுவேல் எட்டோ ஒரு படி மேல்" என்று ஒரே வரியில் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதி திட்டு, மீதி கேள்வி. திட்டுகளைப் பத்திரமாக வைத்துக்கொண்டு கேள்விகளுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

எம்.எஸ்., வியாசர்பாடி: ஸ்லாடன் நெதர்லாந்து, இத்தாலி, ஸ்பெயின், பிரான்ஸ் என நான்கு நாடுகளில் லீக் பட்டம் வென்றவர். எட்டோ வென்றது இரண்டே நாடுகளில். எந்தக் கணக்கில் ஐயா ஒரு படி மேல்?

லீக் பட்டக் கணக்கில் ஸ்லாடன்தான். அதில் வாதாட வரவில்லை. ஆனால் 2009 கோடையில் நடந்த பண்டமாற்றைப் பாருங்கள். பார்சிலோனா எட்டோவையும் கொடுத்து, கூடவே சுமார் 4.6 கோடி யூரோவும் கொடுத்து, இன்டர் மிலானிடமிருந்து ஸ்லாடனை வாங்கியது. கொடுக்கப்பட்ட ஆள் யார்? அந்த சீசன் லீகில் 30 கோல் அடித்தவர். ரோமில் நடந்த சாம்பியன்ஸ் லீக் (ஐரோப்பாவின் முதன்மைக் கிளப் போட்டி) இறுதியில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராகப் பத்தாவது நிமிடத்திலேயே கணக்கைத் திறந்தவர். அதற்கு முந்தைய ஆண்டு பயிற்சியாளராக வந்த கார்டியோலா, "என் திட்டத்தில் ரொனால்டினியோ, டெக்கோ, எட்டோ மூவருக்கும் இடமில்லை" என்று முதல் நாளே அறிவித்தார். மற்ற இருவரும் பெட்டியைக் கட்டினார்கள். எட்டோ நகரவில்லை. இருந்து, ஆடி, ஸ்பெயின் லீக், அரசர் கோப்பை, சாம்பியன்ஸ் லீக் மூன்றையும் வென்று கொடுத்த பிறகுதான் அனுப்பப்பட்டார்.

அடுத்த ஆண்டு ஸ்லாடன் பார்சிலோனாவில் ஸ்பெயின் லீக் வென்றார். எட்டோ இன்டரில் இத்தாலி லீக், இத்தாலிக் கோப்பை, சாம்பியன்ஸ் லீக் மூன்றையும் வென்றார். அடுத்தடுத்த இரண்டு சீசன்களில், இரண்டு நாடுகளில், இரண்டு கிளப்புகளுக்காக அந்த மூன்றையும் ஒருசேர வென்ற முதல் ஆள் அவர்தான். ஸ்லாடன் கடைசிவரை சாம்பியன்ஸ் லீக் கோப்பையைத் தூக்கவே இல்லை. எட்டோவிடம் மூன்று. என் படிக்கட்டு இவ்வளவுதான்.

ஜே.ஆர்., தூத்தூர்: எட்டோ சிறு வயதில் ரியல் மாட்ரிட்டில் இருந்தவராமே? கையில் இருந்த பையனை எப்படிக் கோட்டை விட்டார்கள்?

காலில் குறை இல்லை, காகிதத்தில்தான் சிக்கல். டுவாலா நகரின் காஜி அகாடமியில் வளர்ந்த பையனை ரியல் மாட்ரிட் பதின்ம வயதிலேயே கொண்டுவந்தது. வந்த கொஞ்ச நாளில் ரியலின் இரண்டாம் அணி மூன்றாம் டிவிஷனுக்கு இறங்கிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்தவர்கள் அந்த டிவிஷனில் ஆட அப்போதைய விதி இடம் தரவில்லை. எனவே மாட்ரிட்டை ஒட்டியுள்ள லெகானெஸ் அணிக்கு இரவல். 1998 உலகக் கோப்பையில் 17 வயதில் இத்தாலிக்கு எதிராக இறங்கினார். அந்தத் தொடரிலேயே வயதில் இளையவர் அவர்தான். திரும்பி வந்தால் மறுபடி இரவல், இந்த முறை எஸ்பான்யோல். அங்கே ஒரு மேட்ச்கூட இறக்கவில்லை.

2000 ஜனவரியில் மயோர்கா. பையன் தப்பித்தது அங்கேதான். முரட்டுக் கிழவர் லூயிஸ் அரகோனஸ் பயிற்சியாளராக வாய்த்தார். ஆட்டத்தின் நடுவே வெளியே எடுத்ததற்கு எட்டோ முகத்தைக் காட்ட, கிழவர் சட்டையைப் பிடித்து உலுக்கிய காட்சி இன்றைக்கும் இணையத்தில் சுற்றுகிறது. அந்தக் கிழவர் மீது எட்டோவுக்குக் கடைசிவரை பாசம்தான். 2003இல் மயோர்கா ஸ்பெயின் அரசர் கோப்பையை வென்றது. இறுதியில் ரெக்ரியேட்டிவோவை 3–0 என்று சாய்த்தபோது இரண்டு கோல் எட்டோவுடையது.

இதில் ருசியான சங்கதி இனிமேல்தான். மயோர்காவுக்கு விற்றபோது ரியல் மாட்ரிட் பாதி உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. 2004இல் பார்சிலோனா 2.4 கோடி யூரோவுக்குக் கேட்டது. பாதிச் சொந்தக்காரரான மாட்ரிட், பரம எதிரிக்கே ஆளைக் கொடுத்துவிட்டு, பாதிப் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டது. அந்தப் பணம் எப்போதோ செலவாகியிருக்கும். எட்டோ பார்சிலோனாவுக்கு 130 கோல் அடித்தார்.

கல்லூரி மாணவி, நாகர்கோவில்: இனவெறிக் கூச்சலுக்காக மைதானத்தை விட்டு வெளியேறப் பார்த்தவர் எட்டோ என்று படித்தேன். என்ன நடந்தது?

2006 பிப்ரவரி, சரகோசா மைதானம். எட்டோ காலில் பந்து வரும்போதெல்லாம் கூட்டத்தில் ஒரு பகுதி குரங்குச் சத்தம் போட்டது. இரண்டாம் பாதியில் கார்னர் எடுக்கப் போனபோது பொறுத்தது போதும் என்று பந்தை விட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தார். "இனி ஆட மாட்டேன்" என்றார். நடுவர் ஓடி வந்தார், ரொனால்டினியோ வந்தார், சரகோசா ஆட்டக்காரர்களே வந்து கையைப் பிடித்தார்கள். கடைசியில் பயிற்சியாளர் ரைகார்ட் பேசித் தேற்றி உள்ளே அனுப்பினார். பார்சிலோனா 2–0 என வென்றது.

மாவட்ட லீகில் சில காலம் விசில் ஊதியவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த நேரத்தில் ஆட்டக்காரரைச் சமாதானப்படுத்துவதுதான் எல்லோருக்கும் தோன்றுகிறது, ஆட்டத்தை நிறுத்த யாருக்கும் தோன்றுவதில்லை. அப்புறம் தண்டனை. சரகோசா கிளப்புக்கு 9,000 யூரோ அபராதம். அதற்கு முந்தைய ஆண்டு லீக் வெற்றிக் கொண்டாட்டத்தில் மைக்கைப் பிடித்து ரியல் மாட்ரிட்டைக் கெட்ட வார்த்தையில் திட்டியதற்காக எட்டோ கட்டியது 12,000 யூரோ. (பிறகு மன்னிப்பும் கேட்டார்.) இரண்டு ரசீதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வி.டி., கோவை: கோல் அடிக்கவே பிறந்த ஆளை இன்டரில் பயிற்சியாளர் மொரினியோ டிஃபென்ஸ் ஆட வைத்தது அநியாயம் இல்லையா?

அநியாயம் என்று நீங்கள் சொல்லும் ஆண்டுதான் எட்டோவின் உச்சம் என்று நான் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. அவரை ஓரத்துக்குத் தள்ளியது மொரினியோ மட்டும் இல்லை. 2009 மே மாதம் ரியல் மாட்ரிட்டின் சொந்த மைதானமான பெர்னபியூவில் பார்சிலோனா 6–2 என்று ரியல் மாட்ரிட்டைச் சிதறடித்தபோதே, கார்டியோலா மெஸ்ஸியை நடுவுக்குக் கொண்டுவந்து எட்டோவை வலது ஓரத்துக்கு அனுப்பியிருந்தார். நடு இடத்துக்கு மெஸ்ஸி வந்துவிட்டால் வேறு யார் நிற்க முடியும்?

இன்டரில் கதை வேறு. அங்கே நடுவில் டியேகோ மிலிட்டோ. பக்கத்தில் ஸ்னைடர். எட்டோவுக்குக் கிடைத்தது ஓரம்; அதுவும் பந்து போனால் திரும்பி ஓடி வர வேண்டிய ஓரம். 2010 ஏப்ரல் 28, பார்சிலோனாவுக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் இரண்டாம் ஆட்டத்தைத் தேடிப் பாருங்கள். நம் ஊர் நேரம் நள்ளிரவு 12.15. வீட்டில் எல்லோரும் தூங்க, டிவி சத்தத்தைப் பூஜ்யத்தில் வைத்துக்கொண்டு பார்த்தேன். மிலானில் நடந்த முதல் ஆட்டத்தை இன்டர் 3–1 என வென்றிருந்தது. இங்கே பார்சிலோனாவின் கேம்ப் நௌ மைதானத்தில் 28ஆவது நிமிடத்திலேயே இன்டரின் தியாகோ மோட்டாவுக்குச் சிவப்பு அட்டை. இனி பத்துப் பேர், ஒரு மணி நேரத்துக்கு மேல் தாக்குப் பிடிக்க வேண்டும்.

அதன் பிறகு எட்டோவை மட்டும் கவனியுங்கள். எதிரணி கோல் பக்கம் தலைகாட்டவே இல்லை. தன் பெனால்டி பாக்ஸ் ஓரத்தில் குனிந்து, கையை விரித்து, ஒரு ஃபுல் பேக் (ஓரத்துத் தடுப்பாட்டக்காரர்) நிற்கிற மாதிரியே நிற்கிறார். ஓரத்தில் ஓடி வருகிறவனை முகத்துக்கு நேரே மறிக்காமல், உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, கோட்டுக்கு வெளியே ஒதுக்கிக்கொண்டே போகிறார். அதைப் படித்துத்தான் ஆட வேண்டும், ஒரு ராத்திரியில் வராது. அதே ஆட்டத்தில் எதிர்ப்பக்கம் நின்ற ஸ்லாடனை 63ஆவது நிமிடத்தில் கார்டியோலா வெளியே எடுத்தார். பார்சிலோனாவின் பிக்கே 84இல் ஒரு கோல் அடித்தார். அதோடு சரி. 3–2 என்ற மொத்தக் கணக்கில் இன்டர் இறுதிக்குப் போனது. மொரினியோ மைதானத்துக்குள் ஓட, புல்லுக்குத் தண்ணீர் அடிக்கும் குழாய்களைத் திறந்துவிட்டார்கள்.

இறுதிப் போட்டி எங்கே? பெர்னபியூவில். பதின்ம வயதில் எட்டோவை இரவல் இரவலாக அனுப்பிய அதே கிளப்பின் வீட்டில். பயர்ன் மியூனிக்கை 2–0 என வென்ற அந்த ஆட்டத்தில் இரண்டு கோலும் மிலிட்டோ. இரண்டாவதற்குப் பந்து கொடுத்தவர் எட்டோ. அடுத்த சீசன் கோல் பக்கம் ஆட இடம் கிடைத்ததும் எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 37 கோல். கோல் அடிக்க மறந்துபோனவர் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

பி.எல்., சென்னை-81: அந்த இன்டர் அணியில் யாராவது நம் ஊருக்கு வந்திருக்கிறார்களா?

வராமல்? அந்த இறுதியின் கடைசி நிமிடங்களில் மிலிட்டோவுக்குப் பதிலாக இறங்கிய மார்கோ மாத்தராசிதான் பின்னாளில் நம் சென்னையின் எஃப்.சி.க்குப் பயிற்சியாளர். 2015 ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பை அவர் காலத்தில்தான் வந்தது. இறுதியில் எதிரணியான கோவாவில் லூசியோ இருந்தார், அவரும் அதே இன்டர் அணிக்காரர்.

ஏ.எம்., காயல்பட்டினம்: 2011இல் ரஷ்யாவின் அன்ஷிக்குப் போனது வெறும் பணத்துக்குத்தானே? ஒப்புக்கொள்ளுங்கள்.

ஒப்புக்கொண்டேன். வரி போக ஆண்டுக்கு 2 கோடி யூரோ என்று அப்போது எழுதினார்கள். உலகத்திலேயே அதிகச் சம்பளம். முப்பது வயதில், அதுவும் தன் கோப்பைகளையெல்லாம் வாங்கி முடித்த பிறகு, யார் வேண்டாம் என்பார்?

ஆனால் அன்ஷியின் வாழ்க்கை வேடிக்கையானது. கிளப் தெற்கு ரஷ்யாவில் தாகெஸ்தானின் மக்கச்கலாவைச் சேர்ந்தது. பாதுகாப்புப் பிரச்சினையால் ஆட்டக்காரர்கள் குடியிருந்ததும் பயிற்சி எடுத்ததும் மாஸ்கோ பக்கம். "சொந்த ஊர்" மேட்சுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் விமானம் ஏறிப் போய், ஆடிவிட்டுத் திரும்ப வேண்டும். ஐரோப்பியப் போட்டிகளை மக்கச்கலாவில் நடத்த அனுமதியே இல்லை, அதுவும் மாஸ்கோவில்தான். அப்படியும் ஹிடிங்க் பயிற்சியில் 2012–13இல் லீகில் மூன்றாம் இடம், ரஷ்யக் கோப்பையின் இறுதி வரை. அங்கே பெனால்டியில் தோற்றார்கள். ஐரோப்பாவின் இரண்டாம் நிலைக் கிளப் போட்டியான யூரோப்பா லீகில் லிவர்பூலைக்கூட ஒரு ஆட்டத்தில் வென்றார்கள். 2013 ஆகஸ்டில் முதலாளி சுலைமான் கெரிமோவ் திடீரென்று செலவைக் குறைத்தார். நட்சத்திரங்கள் சந்தைக்கு வந்தார்கள். எட்டோ இங்கிலாந்தின் செல்சிக்குப் போனார், மறுபடி மொரினியோவிடம்.

ஆர்.கே., திருச்சி: எட்டோவின் உண்மையான வயது என்ன?

பிறந்தது 1981 மார்ச் 10. இந்தக் கேள்வியை உங்களுக்கு முன்னாலேயே மொரினியோ கிளப்பிவிட்டார். 2014இல் கேமரா ஓடுவது தெரியாமல், "எட்டோவுக்கு வயது 32, ஒருவேளை 35ஆகவும் இருக்கலாம், யாருக்குத் தெரியும்" என்கிற தொனியில் பேசி மாட்டிக்கொண்டார். அதற்கு முந்தைய மாதம்தான் எட்டோ மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராக மூன்று கோல் போட்டிருந்தார். மார்ச் மாதம் டாட்டன்ஹாமுக்கு எதிராக ஒரு கோல் அடித்ததும் நேராகக் கார்னர் கொடியிடம் போனார். ஒரு கை கொடியில், ஒரு கை இடுப்பில், முதுகு வளைந்த தாத்தாவாக நின்றார். அது போதுமாக இருந்தது.

என்.எஸ்., ஈரோடு: செல்சிக்குப் பிறகு?

எவர்டன். அறிமுக ஆட்டமே பழைய கிளப் செல்சிக்கு எதிராக. இவர் ஒரு கோல் அடித்தும் 6–3 என்று தோல்வி. பாதி சீசனில் இத்தாலியின் சாம்ப்டோரியா, அங்கே சொல்ல அதிகம் இல்லை. அப்புறம் துருக்கியின் அன்டால்யாஸ்போர். முதல் சீசனிலேயே லீகில் 20 கோல், நடுவில் சில நாள் பொறுப்புப் பயிற்சியாளர் வேலையும் பார்த்தார். கொன்யாஸ்போர், கத்தார், 2019இல் ஓய்வு. 2021 டிசம்பரிலிருந்து கேமரூன் கால்பந்து சங்கத்தின் தலைவர். 2022இல் பார்சிலோனா கால வருமானத்துக்கான வரி வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, நிறுத்திவைக்கப்பட்ட 22 மாதத் தண்டனை பெற்றார். ரசிகனாக இருந்தாலும் அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

ஒரு தந்தை, தூத்துக்குடி: என் மகனுக்கு 15 வயது, நன்றாக ஆடுவான். நான்கு லட்சம் கட்டினால் ஸ்பெயின் கிளப்பில் சேர்த்துவிடுகிறேன் என்கிறார் ஒருவர். எட்டோவும் அந்த வயதில்தானே போனார்?

பணத்தைக் கட்டிவிடாதீர்கள். எட்டோ போனது தொண்ணூறுகளில். 2001இல் ஃபிஃபா விதியை மாற்றியது. 18 வயது முடியாத ஆட்டக்காரரை வேறு நாட்டு கிளப் பதிவு செய்ய முடியாது. விதிவிலக்குகள் சில உண்டு. கால்பந்துக்குச் சம்பந்தமில்லாத காரணத்துக்காகப் பெற்றோர் அந்த நாட்டுக்கே குடிபோயிருந்தால், எல்லையோர ஊர்க்காரர்களாக இருந்தால், ஐரோப்பாவுக்குள்ளேயே 16 வயதானவர் மாறினால், இப்படி. தூத்துக்குடிப் பையனுக்கு இவற்றில் எதுவும் பொருந்தாது. இந்த விதியை மீறியதற்காகத்தான் 2014இல் பார்சிலோனாவுக்கே, கிளப்புகள் ஆள் மாற்றிக்கொள்ளும் இரண்டு டிரான்ஸ்ஃபர் காலங்களுக்கு ஆள் எடுக்கத் தடை விழுந்தது. அவ்வளவு பெரிய கிளப் மாட்டியிருக்கிறது, உங்களிடம் வந்தவர் எப்படிச் சேர்ப்பார்?

பயிற்சி முகாமுக்குக் கூட்டிப்போய் நாலு படம் எடுத்து அனுப்புவது வேறு, கிளப்பில் சேர்ப்பது வேறு. வந்தவரிடம் ஃபிஃபா ஏஜென்ட் உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். 2023 முதல் புதிதாக வருகிறவர்கள் தேர்வு எழுதித் தேறினால்தான் அது கிடைக்கிறது, பெயர்களை ஃபிஃபா இணையதளத்திலேயே தேடலாம். உரிமம் உள்ளவரே ஆனாலும் பெற்றோரின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் சிறுவனை அணுகக் கூடாது. உங்களைக் கேட்பதற்கு முன் பையனிடம் பேசினாரா? பேசியிருந்தால், மேற்கொண்டு கேட்க வேண்டியதே இல்லை. இப்போதைக்கு அவனை மாவட்ட லீகில் ஒழுங்காக ஆட விடுங்கள், பத்தாம் வகுப்பையும் முடிக்கட்டும்.